ஆங்காரம், ஒரு தடவை

அற்புதமேரியின் நோட்டில் மூன்று பத்திகள் உண்டு. முதலாவதில் தேதி, இரண்டாவதில் குற்றம், மூன்றாவதில் எத்தனை தடவை. ஆவூரில் படித்த காலத்தில் கன்னியாஸ்திரிகள் தினமும் அன்றைய தப்புகளை எண்ணிப்பார்க்கிற ஆத்தும சோதனை செய்யச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் கண்ணை மூடி மனசுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். இவளுக்கு மட்டும் மனக்கணக்கில் நம்பிக்கை வரவில்லை. ஒன்று விட்டுப்போயிருந்தால்? அதனால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.

புதுக்கோட்டைக்கு வந்து சின்னம்மா அமலராணி வீட்டில் தங்கி, சாயங்கால டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்த பிறகு நோட்டு தடித்துப்போனது. பாவங்களோடு டைப் அடிப்பதில் வந்த பிழைகளும் அதிலேயே ஏறின. ஆறு மணி வகுப்பு முடிந்து ஏழேகாலுக்கு வீட்டுக்கு வருவாள். சின்னம்மா உலை வைத்திருப்பாள். அரிசி வேகிற நேரத்துக்குள் அன்றைய வரவை எழுதி முடித்துவிட வேண்டும். "சின்னம்மாவிடம் எரிச்சல், 1. ஜெபத்தில் பராக்கு, 4. ஓ எழுத்து முந்தியது, 6." இப்படிப் பாவத்துக்கும் பிழைக்கும் நடுவே அவள் பேதம் பார்க்கவில்லை. இரண்டுமே தன் தப்புத்தானே.

ஓ எழுத்து ஒரு தனிக் கதை. ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' என்று அடிக்கும்போது ஆர் எழுத்துக்கு இடது கை, அடுத்து வரும் ஓவுக்கு வலது கை. அவளுடைய வலது கை அவசரக்காரி. இடது கை வருவதற்குள் முந்திக்கொண்டு விழுந்துவிடும். 'ஃப்ரம்' என்பது 'ஃபார்ம்' ஆகிவிடும். பார்த்தால் தெரியவே தெரியாது. அதே நாலு எழுத்துத்தான். இரண்டு மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

அது 1959-ஆம் வருஷத்துத் தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. சின்னம்மாவின் வீட்டுக்காரருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்திருந்தது. ஈஸ்டர் கழிந்ததும் வீட்டைக் காலி செய்கிறார்கள். அதற்கப்புறம் மேரி புதுக்கோட்டையில் இருக்க வேண்டுமானால் கன்னியர் மடத்து விடுதி ஒன்றுதான் வழி. அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு மட்டுமே இடம். வேலை இல்லையென்றால் ஆவூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஆவூரில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், ஆடு இருந்தது, கோயில் இருந்தது. டைப்ரைட்டர் இல்லை.

அதற்குள் இரண்டு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியில் கவிழ்ந்தாள். முதல் இடத்தில், "உங்களை நாங்கள் எதற்கு எடுக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். நெடுநேரம் யோசித்து, "தெரியலீங்க" என்றாள். இரண்டாவது இடத்தில் கொஞ்சம் முன்னேறி, "அதை நீங்கதாங்க சொல்லணும்" என்றாள். இரண்டையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் சிவப்பு மையால் கோடும் போட்டிருந்தாள்.

மூன்றாவது கடிதம் ஒரு பஸ் கம்பெனியிலிருந்து வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரவேண்டும்.

"இந்தத் தடவை நீ தோத்தே, நான் ஒன்னோட பேசமாட்டேன்" என்றாள் செவந்தி. டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்து மிஷின்காரி. நிமிஷத்துக்கு ஐம்பது வார்த்தை அடிப்பாள்; அதைவிட வேகமாகப் பேசுவாள். அவளுக்கு ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை முடிவாகிவிட்டது. வகுப்பு விட்டு இரண்டு பேரும் கீழ ராஜ வீதியில் நடந்துவந்தார்கள்.

"இங்க பாரு, நான் மொதலாளி. நீ வேலைக்கு வந்தவ. ம், சொல்லு. ஒன்ன நாங்க எதுக்கு எடுக்கணும்?" செவந்தி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, இல்லாத மீசையைத் தடவினாள்.

"ஆள் வேணும்னு நீங்க விளம்பரம் போட்டிருந்தீங்க…"

"ஏண்டி, போட்ட எனக்கு அது தெரியாதா? ஒன் பெருமையைச் சொல்லுடி!"

"எனக்கு என்னடி பெருமை இருக்கு?"

"இல்லாட்டி என்ன, சொல்றதுக்குக் காசா பணமா? நான் சொல்றதை அப்படியே மனப்பாடம் பண்ணு. ஒண்ணு, என்னைய மாதிரி டைப் அடிக்க இந்தப் புதுக்கோட்டையிலயே ஆள் கெடையாது. ரெண்டு, என் பேப்பர்ல தப்புங்கிற பேச்சுக்கே எடமில்ல. மூணு, நான் வந்தா ஒங்க கம்பெனி ஸ்புட்னிக் மாதிரி பறக்கும்."

"பஸ் கம்பெனிடி. பறந்தா உள்ள இருக்கிற சனம் என்னத்துக்கு ஆகுறது?"

செவந்தி நடுத்தெருவில் நின்று சிரித்தாள். வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். மேரிக்கு மட்டும் சிரிப்பு அடிமனசுவரை இறங்கவில்லை. தலையான பாவங்கள் ஏழு என்று சின்ன வயசில் படித்திருந்தாள். அந்த ஏழில் முதலாவது ஆங்காரம், தன்னைத்தானே பெரிசாக நினைப்பது. கொலைகாரனுக்குக்கூட ஆங்காரத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் கேட்டிருந்தாள். செவந்தி சொன்ன மூன்று வாக்கியத்தில் ஆங்காரம் மூன்று, பொய் மூன்று. ஆக மொத்தம் ஆறு.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்னால் முழங்காலில் நின்றாள். வலைப்பின்னல் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது தெரிந்தது. வழக்கமான வரிசையைச் சொல்லி முடித்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன பிள்ளை?"

"இன்னொண்ணு இருக்கு சாமி. ஆங்காரம், மூணு தடவை. ஆனா இன்னும் செய்யலை."

"என்னது?"

"திங்கக்கிழமை பத்து மணிக்குச் செய்யப்போறேன் சாமி. வேலைக்குக் கேள்வி கேப்பாங்க. என் பெருமையை நானே சொல்லணும். அதான், முன்கூட்டியே…"

காது மறைந்து முகம் வந்தது. தட்டியின் ஓட்டைகள் வழியாக ஒரு கண் அவளைப் பார்த்தது.

"செய்யாத பாவத்துக்கெல்லாம் மன்னிப்பு கெடையாது. பஸ்ஸுக்குக்கூட ஏறுன பெறகுதான் டிக்கெட் குடுக்குறான்."

"இப்ப என்ன சாமி செய்யட்டும்?"

"போய்ச் செஞ்சுட்டு வா. வந்த பெறகு பாத்துக்கலாம். பின்னால எத்தினி பேரு நிக்கிறாங்க தெரியுமா? எந்திரி, எந்திரி."

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே பஸ் கம்பெனி வாசலில் நின்றாள். ஓட்டுக் கட்டடம். முன்னால் தாழ்வாரம். அதன் ஓரத்தில் டிக்கெட் கொடுக்கிற புக்கிங் ரூம். முதலாளி ஆண்டியப்பன் அந்த ரூமை விட்டு நகரமாட்டார் என்று ஊரே சொல்லும். எந்த வண்டி எப்போது புறப்படுகிறது, எவன் டீ குடிக்கப் போகிறான் எல்லாம் அங்கிருந்து தெரியும். அதனால் கடன் கேட்டு வந்தாலும், கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தாலும், வேலை கேட்டு வந்தாலும் அந்த ஜன்னல் வழியாகத்தான் பேச்சு.

மானேஜர் முத்துராமன் அவளைத் தாழ்வாரத்தில் இருந்த மிஷின் முன்னால் உட்கார வைத்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, எதற்கும் பதறுகிற மனிதர். புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டைக்கு இன்னொரு நடை பஸ் விட அனுமதி கேட்டு எழுதிய மனு ஒன்றைக் கொடுத்தார். "இதை அடிம்மா. இருவது நிமிஷம். ரப்பர் வைக்கக் கூடாது."

மேரி அடித்தாள். மிஷின் பழசு, ஆனால் எழுத்துகள் நல்லபடியாக விழுந்தன. பத்தொன்பதாவது நிமிஷத்தில் முடித்துத் தாளை உருவினாள். உருவும்போதே பார்த்துவிட்டாள். இரண்டாவது பாரா, நாலாவது வரி. 'ஃபார்ம் புதுக்கோட்டை'. ஓ முந்திவிட்டது.

அவள் வாயைத் திறக்குமுன் முத்துராமன் தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கிவிட்டார். "போம்மா, ஐயாவப் பாரு" என்று ஜன்னலைக் காட்டினார்.

ஜன்னல் தாழ்வாக இருந்தது. பணம் நீட்ட ஒரு ஓட்டை, அதற்கு மேலே நெருக்கமான கம்பி வலை. உள்ளே இருட்டு. நின்றுகொண்டு பேசினால் வலைக்கு வயிறுதான் தெரியும். ஆகவே மேரி குனிந்தாள். குனிந்தும் போதாமல், கீழே இருந்த படிக்கல்லில் ஒரு முழங்காலை ஊன்றினாள். ஆண்டியப்பனுக்கு இடது காது அவ்வளவாகக் கேட்காது. அதனால் அவர் முகத்தைத் திருப்பி, வலது காதை வலையோடு ஒட்டிவைத்துக்கொண்டார்.

"ம். சொல்லு ஆத்தா" என்றது இருட்டு.

படிக்கல், முழங்கால், வலை, காது. பத்து வருஷப் பழக்கம் அவளை முந்திக்கொண்டது.

"சுவாமி, பாவியாகிய என்னை ஆசீர்வதியுங்கள். நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி ரெண்டு நாளாச்சு. சின்னம்மாகிட்ட எரிச்சல், ஒரு தடவை. தபசு நாள்ல கருப்பட்டி மிட்டாய் தின்னேன், ஒரு தடவை. ஜெபத்துல பராக்கு, அஞ்சு தடவை. செவந்தி மேல காய்மகாரம், மூணு தடவை…"

"காய்மகாரம்னா என்ன ஆத்தா? காய்ச்சலா?"

சாமியாருக்குக் காய்மகாரம் தெரியாமல் இருக்குமா? மேரி நிமிர்ந்து பார்த்தாள். காதில் கடுக்கன் இருந்தது. அதற்குப் பின்னால் சுவரில் திருமயம் வண்டியின் நேரப் பலகை தொங்கியது. உடம்பு முழுக்க வெயில் அடித்ததுபோல் ஆயிற்று.

"பொ… பொறாமைங்க, ஐயா. எங்க கோயில்ல அப்படிச் சொல்லுவோம்."

"ஓகோ. செவந்தி யாரு?"

"என்னோட டைப் படிக்கிற பொண்ணுங்க. நிமிஷத்துக்கு அம்பது வார்த்தை அடிப்பா."

"அடி சக்கை! அந்தப் பிள்ளையை வரச்சொல்லியிருக்கலாமே?"

"அவளுக்கு வக்கீல் ஆபீசுல கெடைச்சிருச்சுங்க. அதுலதாங்க காய்மகாரம்."

வலைக்குள்ளிருந்து கொடகொடவென்று ஒரு சத்தம் வந்தது. பழைய வண்டியை ஸ்டார்ட் செய்கிறார்களோ என்று நினைத்தாள். ஆண்டியப்பன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போன வாரத்திலேருந்து ஆறு பேரு வந்தாங்க ஆத்தா. அத்தினி பேரும் அவங்க பவுசச் சொல்லிட்டுப் போனாங்க. நீ ஒருத்திதான் தின்ன மிட்டாயைச் சொல்லியிருக்கே. சரி, கேட்டாச்சு. ஆனா அதுக்காகவெல்லாம் ஒருத்தரும் வேலை குடுக்கமாட்டான்." அவர் குரல் மாறியது. சிரிப்பு எங்கோ போய்விட்டது. "கொறையெல்லாம் சொல்லிப்புட்டே. ஒன்னால எங்களுக்கு என்ன பிரயோசனம்? ஒன்ன எதுக்கு வச்சுக்கிடணும்? அதைச் சொல்லு."

அதே கேள்வி. மூன்றாவது தடவை.

அப்போது முத்துராமன் தாளை ஆட்டிக்கொண்டு வந்தார். "ஐயா, இந்தப் பிள்ளை பேப்பர் படு சுத்தம்! ரெண்டு வாட்டி படிச்சுட்டேன். ஒரு தப்புகூட இல்ல!"

"பலே. நீயே சொல்லு ஆத்தா, அப்படித்தானா?"

மேரி வாயைத் திறந்தாள். செவந்தியின் இரண்டாவது வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. என் பேப்பர்ல தப்புங்கிற பேச்சுக்கே எடமில்ல. சொல்லிவிட்டால் முடிந்தது. விடுதியில் ஒரு கட்டில், காலையில் ஆபீஸ், சாயங்காலம் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கு வகுப்பு. மானேஜரே சாட்சி. அவளாக ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். தலையாட்டலை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று ஒரு கணம் யோசித்தாள்.

"இல்லீங்க ஐயா. ஒரு தப்பு இருக்குங்க."

"எங்கம்மா?" முத்துராமனுக்குக் குரல் கீச்சிட்டது. மறுபடி படித்தார். உதடு அசைய, விரல் வைத்துப் படித்தார். "ஒண்ணுமில்லீங்க ஐயா! இந்தப் பிள்ளை சும்மா சொல்லுது!"

"ரெண்டாவது பாரா, நாலாவது வரிங்க. ஃப்ரம்னு வரணும். ஃபார்ம்னு விழுந்திருச்சு. என் வலது கை எப்பவும் முந்திக்குங்க."

முத்துராமன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தாளை மெதுவாக ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார்.

"முத்துராமா" என்றது வலை.

"ஐயா."

"இந்த மனு தப்புத் தப்பா இருக்குன்னு திருச்சி சர்க்கார் ஆபீசுலேருந்து ரெண்டு தடவை திரும்பி வந்துச்சே, அனுப்புறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்தது யாரு?"

"நான்தாங்க." திடீரென்று அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "இருந்தாலும் ஐயா, இந்தத் தப்பை அடிச்சது நானில்லையே! இந்தப் பிள்ளைதானே அடிச்சுது! தப்பு அடிச்சவளுக்கு வேலையாங்க?"

"கேட்டியா ஆத்தா? அவன் சொல்றதும் நாயந்தான். இதுக்கு என்ன சொல்றே?"

இதற்குச் செவந்தி எதுவும் சொல்லித் தரவில்லை. மேரிக்கு வேறு ஒன்றும் தோன்றாததால், நோட்டில் இருந்ததைச் சொன்னாள்.

"ஆமாங்க. நான்தான் அடிச்சேன். அக்டோபர்ல எனக்குப் பக்கத்துக்கு ஒம்போது தப்பு வரும். பொங்கலுக்கு நாலு. இப்ப ஒண்ணுங்க, சில நாள் ரெண்டு. தப்பே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா எந்த விரல்ல வருது, எந்த எழுத்துல வருதுன்னு எனக்குத் தெரியுங்க. மத்தவங்க கண்ணுக்குத் தப்பினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ரப்பர் வைக்க விட்டிருந்தா அங்கனயே திருத்தியிருப்பேன்." மூச்சு வாங்கினாள். அடுத்த வாக்கியம் அவளுடைய யோசனையைக் கேட்காமலே வெளியே வந்தது. "நான் அடிச்சு அனுப்பினா ஒங்க மனு திரும்பி வராதுங்க ஐயா. அதுதான் என்னால ஒங்களுக்குப் பிரயோசனம்."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டன. ஆங்காரம், ஒரு தடவை. அதில் சந்தேகமே இல்லை.

ஸ்டாண்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்துப் புறப்பட்டது. ஆண்டியப்பன் எட்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு ஓட்டை வழியாகத் தாள் வெளியே வந்தது.

"நாளையிலேருந்து வா. ஆனா இப்ப போயிராதே. இதை மறுபடி அடி. ரப்பர் வேணும்னாலும் வச்சுக்க. மத்தியானத் தபால்ல போயாகணும்."

"இது பரீட்சைக்குன்னு…"

"பரீட்சையாவது ஒண்ணாவது! வேலையும் நடக்கட்டும்னுதான் ஏழு பேருக்கும் இதையே குடுத்தேன். ஆறு பேரு அடிச்சதையும் இவன் சுத்தம், சுத்தம்னுதான் சொன்னான். எதை நம்பி அனுப்புறது?" மறுபடி கொடகொடவென்ற சத்தம். "ஏப்பா முத்துராமா, புள்ளைக்கு ஒரு காப்பி சொல்லு. காப்பிக்குத் தபசு தடை இல்லையே ஆத்தா?"

"இல்லீங்க."

"கருப்பட்டி போட்டது."

முத்துராமன்கூடச் சிரித்துவிட்டார்.

மேரி மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டாவது பாரா, நாலாவது வரி வந்ததும் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஆர் அடித்த பிறகுதான் அதை மேலே எடுத்தாள். அடித்து முடித்து மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை, அடியிலிருந்து மேலாகப் படித்தாள்.

அன்று சாயங்காலம் செய்தி கேட்ட செவந்தி, "பாத்தியா, நான் சொல்லிக்குடுத்த பதில்தான் வேலை செஞ்சுச்சு" என்றாள். மேரி மறுக்கவில்லை. இன்னொருத்தி பெருமையைக் கெடுப்பது எதற்கு?

சனிக்கிழமை தொட்டியின் முன்னால் முழங்காலில் நிற்குமுன் தட்டியை ஒரு தடவை நன்றாக உற்றுப் பார்த்து, உள்ளே இருப்பது சாமியார்தான் என்று உறுதிசெய்துகொண்டாள். வரிசையைச் சொன்னாள். கடைசியாக, "ஆங்காரம், ஒரு தடவை" என்றாள்.

"ஒண்ணுதானா? மூணுன்னு சொல்லியிருந்தே?"

"ஒண்ணுக்கே கெடைச்சிருச்சு சாமி."

தட்டிக்கு அந்தப் பக்கம் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். "என்ன சொன்னே அங்க?"

சொன்னாள். முழங்கால் போட்டதையும், காய்மகாரத்தையும், காதில் கடுக்கன் தெரிந்ததையும் விடாமல் சொன்னாள். இப்போது இருமல் இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்தது. வரிசையில் நின்ற ஜெபமாலையம்மாள், "உள்ள என்ன கூத்து நடக்குது?" என்று சத்தமாகவே கேட்டாள்.

"அபராதத்துக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்லு" என்றார் சாமியார், குரலைச் சரிசெய்துகொண்டு. அப்புறம் வலைக்கு அருகில் வந்து, "ஆமா, பிஷப்பாண்டவருக்கு ஒரு லெட்டர் அடிக்கணும். இங்கிலீஷ்ல. பிழை இல்லாம அடிப்பியா?" என்று மெல்லக் கேட்டார்.

மேரி யோசித்தாள்.

"பிழை இருந்தா எங்கேன்னு சொல்லிருவேன் சாமி."

எழுந்து இரண்டு எட்டு வைத்தவள், நின்று, திரும்பி வந்து மறுபடி முழங்காலில் நின்றாள்.

"சாமி, இப்பச் சொன்னேனே, அதையும் ஆங்காரத்துல சேத்துக்கணுமா?"